வடிவங்களைப் பொருத்திக் காட்டிய பாஸ்கரர்

கோலாலம்பூர், மஸ்ஜித் இந்தியா பகுதியில் துணிக்கடைகள் நிறைந்திருக்கின்றன. அங்கு வாங்கும் துணியைத் தையல்காரர் பல துண்டுகளாக வெட்டுகிறார். அத்துண்டுகளை மேசைமேல் எப்படி மாற்றி அடுக்கினாலும் அவற்றின் மொத்தப் பரப்பளவு மாறுவதில்லை. இந்த எளிய உண்மையைக் கொண்டு புகழ்பெற்ற கணித விதி ஒன்றை விளக்கலாம். அவ்வாறு விளக்கியவர்களுள் ஒருவர் இந்தியக் கணித மேதை பாஸ்கரர்.

பாஸ்கரர் கி.பி. 1114-ஆம் ஆண்டில் பிறந்தார். இவருக்குச் சுமார் 500 ஆண்டுகளுக்கு முன்பு இதே பெயரில் மற்றொரு கணித அறிஞர் வாழ்ந்தார். ஆதலால், இவரை இரண்டாம் பாஸ்கரர் என்பர். இவருடைய தந்தை மகேஸ்வரர் ஒரு வானியல் அறிஞர். அவரிடமே பாஸ்கரர் கல்வி கற்றார்.

தமது 36-ஆம் வயதில், அதாவது 1150-இல், பாஸ்கரர் ‘சித்தாந்த சிரோமணி’ என்னும் பெருநூலை வடமொழியில் இயற்றினார். அது நான்கு பகுதிகளைக் கொண்டது. ‘லீலாவதி’ எண்கணிதத்தையும் ‘பீஜகணிதம்’ இயற்கணிதத்தையும் கூறுகின்றன. மற்ற இரண்டும் வானியல் பற்றியவை. லீலாவதி என்பது அவருடைய மகளின் பெயர் என்று ஒரு கதை வழங்குகிறது. ஆனால், அவருடைய நூல்களில் அதற்குச் சான்று இல்லை.

ஒரு செங்கோண முக்கோணத்தில் செங்கோணத்தை ஒட்டிய பக்கங்கள் 15, 20 எனில், எதிரேயுள்ள நீண்ட பக்கமாகிய கர்ணத்தின் அளவு என்ன? பீஜகணிதத்தில் பாஸ்கரர் எழுப்பும் வினா இது. விடையோடு அதற்கான காரணத்தையும் அவர் கேட்கிறார்.

அம்முக்கோணத்தைப் போன்ற நான்கினை எடுத்துக்கொள்வோம். நான்கு கர்ணங்களும் வெளி விளிம்புகளாக அமையுமாறு அவற்றை ஒரு பெரிய சதுரமாகப் பொருத்துவோம். நடுவில் 5 அலகு பக்கமுள்ள ஒரு சிறிய சதுர இடைவெளி எஞ்சும். முக்கோணம் ஒன்றின் பரப்பளவு 150. நான்கின் பரப்பளவு 600. இடைவெளியின் பரப்பளவு 25. மொத்தம் 625. எனவே, பெரிய சதுரத்தின் பக்கம், அதாவது கர்ணம், 25 ஆகும். இந்த ஐந்து துண்டுகளையும் இடம் மாற்றி அடுக்கினால், 15 அலகு, 20 அலகு பக்கங்களைக் கொண்ட இரு சதுரங்கள் அடுத்தடுத்து அமையும். அவற்றின் பரப்பளவுகளான 225-ஐயும் 400-ஐயும் கூட்டினாலும் 625தான். நாம் பைதாகரஸ் தேற்றம் என்று கற்பது இதுவே.

காரணம் அறியாமல் கணக்கிடுபவர் கற்றோர் அவையில் மதிப்புப் பெறமாட்டார். அவருடைய சொந்த ஐயமும் நீங்காது என்பது பாஸ்கரரின் கருத்து. விடை சரியாக இருப்பது மட்டும் அவருக்குப் போதுமானதாக இல்லை.

பாஸ்கரர் மறைந்த பின், அவருடைய நூல்களைக் கற்பிப்பதற்காகப் பேரன் சாங்கதேவர் ஒரு கல்விக்கூடத்தை நிறுவினார். 1587-இல், பேரரசர் அக்பர் காலத்தில், பைசி என்னும் கவிஞர் லீலாவதியைப் பாரசீக மொழியில் பெயர்த்தார். 19-ஆம் நூற்றாண்டில் அந்நூல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது.

அட்டையில் 3, 4 சென்டிமீட்டர் பக்கங்களைக் கொண்ட நான்கு செங்கோண முக்கோணங்களையும் 1 சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரத்தையும் வெட்டிப் பொருத்திப் பாருங்கள். பாஸ்கரர் கண்ட உண்மையை உங்கள் கைகளாலேயே உறுதிசெய்யலாம்.