கட்சி சாய்ந்தது, கம்பம் நின்றது!

"சர்" பட்டத்தை மறைக்காமல் ஓட்டுக் கேட்ட உத்தமபாளையம் பி.டி.ராஜன்

1952-ம் வருஷம். சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல்.

சென்னை சட்டசபைக்கு மொத்தம் 375 இடம். காங்கிரசுக்கு 152. கம்யூனிஸ்டுக்கு 62. நீதிக்கட்சிக்கு...?

ஒன்றே ஒன்று!

அந்த ஒன்று, கம்பம் தொகுதி. ஜெயித்தவர் உத்தமபாளையம் பி.டி.ராஜன்.

ஒரு காலத்தில் மாகாணத்தையே ஆண்ட கட்சி அது. 1952-ல் அதன் பெயரைச் சொல்லி ஓட்டுக் கேட்க ஆள் கிடைப்பதே கஷ்டம். கட்சியின் பெரிய புள்ளிகளில் பலர் காங்கிரசில் போய்ச் சேர்ந்தாச்சு. இன்னும் பலர் கறுப்புச் சட்டை போட்டாச்சு. மிச்சம் இருந்தவர்களில் பலர் வீட்டோடு இருந்துவிட்டார்கள். இவர் பழைய தராசுக் கட்சியின் பெயரிலேயே மனுப் போட்டார். ஜெயித்தும் காட்டினார்.

எப்படி?

சீமையில் படித்த மிராசுதார்

பொன்னம்பல தியாகராஜன் என்பது முழுப்பெயர். 1892-ல் உத்தமபாளையத்தில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் லேஸ் பள்ளிக்கூடம், ஆக்ஸ்போர்டில் ஜீசஸ் காலேஜ். அதன் பிறகு பாரிஸ்டர் பட்டம். இவ்வளவையும் முடித்துக்கொண்டு ஊருக்கு வந்தார்.

1920-ல் இரட்டை ஆட்சி முறையில் முதல் தேர்தல். அப்போதே சட்டசபைக்குப் போனவர், 1937 வரை அங்கேயே இருந்தார். 1930-ல் மந்திரி. 1936 ஏப்ரலில் பொப்பிலி ராஜா சீமைக்குப் போனபோது பிரதம மந்திரி நாற்காலியும் வந்தது (இன்றைய முதல்-மந்திரி பதவியை அன்று அப்படித்தான் சொல்வார்கள்). ஏப்ரல் 4 முதல் ஆகஸ்டு 24 வரை. ஐந்து மாசம்கூட முழுசாக இல்லை. ஆனாலும் கம்பம் பள்ளத்தாக்குக்காரர் ஒருவர் கோட்டையில் உட்கார்ந்தார் என்பது அந்த ஊர்களில் ரொம்ப நாள் பேச்சாக இருந்திருக்கும்.

அடுத்த வருஷமே அடி விழுந்தது. 1937 தேர்தலில் 215 இடத்தில் காங்கிரஸ் 159-ஐ அள்ளிக்கொண்டது. ராஜாக்கள், ஜமீன்தார்கள், பட்டக்காரர்கள் எல்லாம் மண்ணைக் கவ்வினார்கள். நீதிக்கட்சி எழுந்திருக்கவே இல்லை. பணமும் பரம்பரைப் பேரும் மட்டும் ஓட்டு வாங்கித் தரும் என்றால் அன்றைக்கு அந்தக் கட்சி தோற்றிருக்க முடியாது.

சேலத்தில் பிளவு

1938 கடைசியில் பெரியார் ஜெயிலில் இருந்தபோதே கட்சித் தலைமை அவரிடம் வந்தது. ஆறு வருஷம் கழித்து, 1944 ஆகஸ்டில் சேலம் மாநாடு. கட்சியின் பெயர் இனிமேல் திராவிடர் கழகம். வெள்ளைக்காரன் கொடுத்த பட்டங்களைத் துறக்க வேண்டும். கௌரவப் பதவிகளை விட வேண்டும் என்று அண்ணாதுரை பெயரால் தீர்மானம் வந்தது. மாநாட்டுப் பந்தலே அதிர்ந்தது.

ராஜன் ஒத்துக்கொள்ளவில்லை.

அவர் சைவர். நெற்றியில் திருநீறு உண்டு. சாமி இல்லை என்று சொல்லும் இயக்கத்தில் அவருக்கு என்ன வேலை? வாயை மூடிக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தால் பதவி ஏதாவது கிடைத்திருக்கலாம். எதிர்ப்பக்கம் சாய்ந்து காங்கிரசில் கதர் போட்டிருந்தாலும் கேட்பாரில்லை. அப்படிப் போனவர்கள் அன்று ஏராளம். இரண்டும் வேண்டாம் என்றார். பிராமணர் அல்லாதாருக்கு உத்தியோகத்திலும் படிப்பிலும் பங்கு வேண்டும் என்று ஆரம்பித்த பழைய கட்சிதான் தன் கட்சி. கோவில் தன் கோவில். இரண்டுக்கும் சண்டை கிடையாது. இதுதான் அவருடைய நிலை. சிலர் பின்னால் நின்றார்கள். 1945-ல் அந்தச் சின்னக் கூட்டத்துக்கு அவரே தலைவர் ஆனார்.

தலைவர் உண்டு, கொடி உண்டு, தொண்டர்தான் இல்லை என்று கேலி பேச வசதியான கட்சி! ஆனால் அவர் யார் என்பதில் மட்டும் யாருக்கும் குழப்பம் இல்லை.

ஐயப்பன் வந்த வழி

1950-ல் சபரிமலைக் கோவில் தீப்பிடித்தது. நாடே பதறியது. புது விக்கிரகம் வேண்டும் என்றபோது பஞ்சலோக ஐயப்பனைச் செய்து கொடுத்தவர் இதே ராஜன். செங்கன்னூரில் வார்த்த விக்கிரகம். தமிழ்நாட்டு ஊர்களில் ஊர்வலமாகக் கொண்டு போனார்கள். 1951-ல் பிரதிஷ்டை நடந்தது. இன்றைக்கும் கார்த்திகை பிறந்தால் கம்பம், கூடலூர் வழியாகக் குமுளி ஏறுகிற பஸ், வேன் எல்லாம் கும்பிடப் போவது அந்த ஐயப்பனைத்தான்.

விக்கிரகம் கொடுத்த மறு வருஷம் தேர்தல் வந்ததே, இது ஓட்டுக்காகப் போட்ட கும்பிடு இல்லையா என்று யாருக்கும் சந்தேகம் வரலாம். நியாயமான சந்தேகம்தான். ஆனால் 1944-ல் எந்த ஓட்டும் கண்ணில் படாத காலத்திலேயே, சாமிக்காகக் கட்சியை இரண்டாக விட்டுக்கொடுத்த ஆள் இவர். தேர்தலுக்காகப் பூசிய திருநீறு என்று அதைச் சொல்வது கஷ்டம்.

பெட்டியில் விழுந்த சீட்டு

1952 தேர்தலுக்கும் அதற்கு முந்திய தேர்தல்களுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். முன்பெல்லாம் வரி கட்டியவன், சொத்து வைத்தவன், படித்தவன் மாதிரி ஆளுக்குத்தான் ஓட்டு. இந்தத் தடவை 21 வயசு ஆன எல்லோருக்கும் ஓட்டு. நாற்று நடுகிற பெண்ணுக்கும், ஏலத்தோட்டத்துக்கு மலை ஏறுகிற கூலிக்கும், பாரிஸ்டருக்கும் ஆளுக்கு ஒரு சீட்டு. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி. பெட்டி மேலே சின்னம். மறைவாகப் போய், பிடித்த பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வரவேண்டியதுதான். மிராசுதார் வாசலில் நின்று முறைத்தாலும் உள்ளே எந்தப் பெட்டியில் விழுந்தது என்று அவருக்குத் தெரியாது.

கம்பம் பள்ளத்தாக்கு தண்ணீரில் பிழைக்கிற பூமி. 1895-ல் பென்னிகுக் பெரியாற்றைத் திருப்பி விட்ட பிறகு செழித்த வயல்கள். கூடலூர் முதல் பழனிசெட்டிபட்டி வரை இருபோகம் விளைகிற 14,707 ஏக்கர். அங்கே ஓட்டுக் கேட்டு வருகிறவனிடம் குடியானவன் முதலில் பார்ப்பது, இந்த ஆள் நாளைக்கு எந்தப் பக்கம் இருப்பான் என்பதைத்தான். அணை ஒப்பந்தம், மடை, முறைப்பாசனம் எல்லாம் சொன்ன சொல்லில் நிற்கிற சமாச்சாரம். சொல் மாறினால் கடைமடை காயும்.

காங்கிரஸ் சுதந்திரம் வாங்கிய கட்சி. சிறை சென்ற தியாகிகள் அதில் இருந்தார்கள். பெரியாரும் அந்தத் தேர்தலில் காங்கிரசை எதிர்த்தார். ஆனால் கம்யூனிஸ்டுகள் பக்கம் நின்று எதிர்த்தார். அண்ணாவின் தி.மு.கழகம் போட்டியிடவே இல்லை. ராஜனுக்கு இதில் எந்த அலையும் கிடையாது. "சர்" பட்டத்தை அவர் ஒளித்து வைக்கவில்லை. ஒளித்தாலும் ஊருக்குத் தெரியாதா? வெள்ளைக்காரன் ஆட்சியில் மந்திரியாக இருந்ததையும் மறைக்க முடியாது. அதோடுதான் நின்றார்.

சொந்த ஊர் செல்வாக்கு இதில் இல்லை என்று சொன்னால் பொய். உண்டு, நிறையவே உண்டு. நிலம், உறவு, முப்பது வருஷப் பழக்கம் எல்லாம் சேர்ந்துதான் அந்த ஓட்டு. ஆனால் அதே நிலமும் உறவும் வைத்திருந்த எத்தனையோ பழைய நீதிக்கட்சிக்காரர்கள், கட்சியை மாற்றினால்தான் ஊரில் தலைகாட்ட முடியும் என்று முடிவு கட்டினார்கள். ஜனங்களைப் பற்றி அவர்கள் போட்ட கணக்கு கம்பத்தில் தப்பாய்ப் போச்சு.

அதற்குப் பிறகு நீதிக்கட்சி பெயரில் ஒருவரும் சட்டசபைக்குள் கால் வைக்கவில்லை. அவரோடு அந்தக் கணக்கு முடிந்தது.

மீனாட்சி கோவில் திருப்பணி

கடைசிக் காலம் பெரும்பாலும் கோவில் வேலையில் போயிற்று. மதுரை மீனாட்சி அம்மன் கோவில் திருப்பணிக்குத் தலைமை ஏற்று, 1963-ல் கும்பாபிஷேகம் நடத்தி முடித்தார். 1974 செப்டம்பர் 25-ல் காலமானார். சேலத்தில் எதிரும் புதிருமாகப் பிரிந்த பெரியார் மறைந்து அப்போது ஒன்பது மாசம்.

மகன் பழனிவேல்ராஜன் தி.மு.க.வில் சேர்ந்து 1996 முதல் 2001 வரை சட்டசபை சபாநாயகராக இருந்தார். பேரன் பழனிவேல் தியாகராஜன் 2021-ல் நிதி மந்திரி ஆனார். மூன்று தலைமுறையிலும் திருநீறு அழியவில்லை.

உத்தமபாளையம் பக்கம் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் போகிற கால்வாய்கள் இரண்டு உண்டு. ஒன்றின் பெயர் பி.டி.ஆர். கால்வாய். மற்றது தந்தை பெரியார் கால்வாய். ஷட்டர் திறக்கும்போது இரண்டுக்கும் சேர்த்து ஒரே உத்தரவுதான் வரும். 5 ஆயிரம் ஏக்கருக்கு மேல் பாயும்.