காத்திருப்பைக் குறைத்த கைகள்

கண்புரையால் மறைந்த பார்வையைச் சிறிய அறுவை மருத்துவத்தால் மீட்க முடியும். ஆயினும், தம் முறை வருமுன்னரே இருளில் வாழ்நாளைக் கழித்தோர் பலர். அக்காத்திருப்பைக் குறைக்க வழிகண்டவர் மருத்துவர் கோவிந்தப்ப வெங்கடசாமி.

இவர் 1918ஆம் ஆண்டு வடமலாபுரம் என்னும் தென்தமிழகச் சிற்றூரில் வேளாண் குடும்பத்தில் பிறந்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிலும் பயின்றார். இராணுவத்தில் மருத்துவப்பணி ஆற்றினார். மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்பதே இவரது விருப்பம். ஆனால், கடும் முடக்குவாதம் தாக்கி விரல்கள் கோணின. மனம் தளராது கண் மருத்துவம் கற்று, அவ்விரல்களாலேயே அறுவைக் கருவிகளைக் கையாளப் பழகினார்.

அரசுப் பணியில் ஓய்வு பெற்ற 1976ஆம் ஆண்டில், 58ஆம் அகவையில், மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார்.

வேலைப்பளு பணித்திறனின் எல்லையை நெருங்க நெருங்கக் காத்திருப்பு பன்மடங்கு பெருகும் என்பது வரிசைக் கோட்பாடு காட்டும் உண்மை. அதற்குத் தீர்வு அறுவையை அவசரப்படுத்துவதன்று. மருத்துவரின் நேரம் வீணாகாமல் காப்பதே. ஆகவே, ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள் இடப்பட்டன. ஒன்றில் அறுவை நடைபெறும்போதே, அடுத்ததில் மற்றொருவரைச் செவிலியர் ஆயத்தப்படுத்தினர். பயிற்சி பெற்ற சிற்றூர்ப் பெண்களே இம்முறையின் தூண்களாயினர்.

வரிசையில் யாருக்கு முன்னுரிமை என்னும் வினாவும் எழுந்தது. பணம் படைத்தவருக்கு அறையின் வசதி கூடலாம். மருத்துவத்தின் தரம் கூடாது என்பதே இவர் வகுத்த நெறி. கட்டணம் செலுத்தியோரால் கிடைத்த வருவாய், செலுத்த இயலாதோரின் மருத்துவத்தைத் தாங்கியது.

கண்ணுக்குப் புலப்படாத வரிசை ஒன்றும் உண்டு. இராசபாளையத்தை அடுத்த தளவாய்புரம் போன்ற ஊரில் வாழும் ஏழை முதியவருக்குப் பேருந்துக் கட்டணமும் துணைக்கு ஓர் ஆளும் இல்லையெனில், மருத்துவமனை வாயிலை அவர் எட்டவே இயலாது. எந்தப் பதிவேட்டிலும் இடம்பெறாத அவரது காத்திருப்பே மிக நீண்டது. இதனை உணர்ந்த வெங்கடசாமி, ஊர்கள்தோறும் கண் மருத்துவ முகாம்கள் நடத்தினார். அறுவை தேவைப்பட்டோரை மருத்துவமனைக்கு அழைத்து வந்து, உணவளித்து, மீண்டும் ஊர் சேர்க்கச் செய்தார்.

விழிவில்லையின் விலையும் ஏழைகளுக்குத் தடையாக நின்றது. 1992இல் தொடங்கப்பட்ட அரோலேப் நிறுவனம் அதனைக் குறைந்த செலவில் உருவாக்கியது.

கோணிய விரல்களால் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளைச் செய்த வெங்கடசாமி 2006ஆம் ஆண்டு மறைந்தார். முன்னே நிற்பவரை விரைந்து கவனிப்பதோடு, வர இயலாதவரைத் தேடிச் செல்வதும் தொண்டின் கடமை என்பதை அவர்தம் வாழ்வு உணர்த்துகிறது.