சங்கீதசூர்ய கேசவராவ் போஸ்லே

கோலாப்பூர் மகாலக்ஷ்மி தரிசனத்துக்கு நம் அங்கத்தினர்கள் பலர் குடும்பத்துடன் சென்று வருகிறார்கள். தரிசனம் ஆனதும் பன்ஹாளா, ஜோதிபா என்று கிளம்பிவிடுவது வழக்கம். கோயிலுக்குச் சற்றுத் தள்ளி, காஸ்பாக் மல்யுத்த மைதானத்தை ஒட்டி, ஒரு பழைய நாடக அரங்கம் இருப்பதை அநேகர் கவனிப்பதில்லை. சாஹு மகாராஜா 1915-ல் கட்டி முடித்த பாலஸ் தியேட்டர் அது. பிற்பாடு அதற்குச் சங்கீதசூர்ய கேசவராவ் போஸ்லேயின் பெயர் சூட்டப்பட்டது.

கேசவராவ் 1890 ஆகஸ்ட் 9-ந் தேதி கோலாப்பூரில் பிறந்தவர். ஏழைக் குடும்பம். சிறு பிள்ளையாக இருக்கும்போதே நாடகக் கம்பெனியில் விடப்பட்டார். நம் ஊர் பாய்ஸ் கம்பெனிப் பையன்களின் கதைதான். கோவிந்த பல்லாள் தேவல் எழுதிய 'சாரதா' நாடகத்தில் பெண் வேஷமிட்டுக் கதாநாயகியாகப் பாடியே பெயர் வாங்கினார். கிழவருக்கு வாழ்க்கைப்படவிருந்த ஒரு பிராமணச் சிறுமியின் கதை அது. நம் கொள்ளுப்பாட்டிமார் காலத்தில் நம் அகங்களிலும் நடந்த விஷயம் என்பதை மறைப்பானேன்?

1908-ல், பதினெட்டு வயது நிரம்புமுன்பே, ஹூப்ளியில் 'லலித்கலாதர்ஷ்' என்ற சொந்தக் கம்பெனியைத் தொடங்கிவிட்டார். ராமகிருஷ்ணபுவா வஜேயிடம் சங்கீதமும் கற்றுக்கொண்டார். அந்நாளில் அவருக்குச் சரியான போட்டி பால கந்தர்வர். ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றார்கள்.

அப்படிப்பட்ட இருவரும் 1921 ஜூலை 8 அன்று பம்பாயில் ஒரே மேடையில் ஏறினார்கள். காடில்கரின் 'மானாபமான்' நாடகம். பால கந்தர்வர் நாயகி பாமினி, கேசவராவ் நாயகன் தைரியதரன். வசூல் முழுவதும் திலகர் சுயராஜ்ய நிதிக்குப் போயிற்று. எத்தனையோ பேருக்குச் சோறு போட வேண்டிய கம்பெனி முதலாளிகள் இருவர், ஒரு ராத்திரிக்கேனும் போட்டியை ஒதுக்கி வைத்தது சாமானியமா!

மூன்றே மாதத்தில், அக்டோபர் 4 அன்று, விஷஜுரத்தில் கேசவராவ் காலமானார். வயது 31. கம்பெனியைச் சிதறவிடாமல் பாபுராவ் பெண்டார்க்கர் ஏற்று நடத்தினார்.

2024 ஆகஸ்ட் 8 இரவு கோலாப்பூர் அரங்கம் தீப்பற்றி எரிந்தது. மறுநாள் அவருடைய பிறந்த நாள். மேடையும் கூரையும் போயின. சாஹு மகாராஜா எழுப்பிய கற்சுவர்கள் நின்றன. அவற்றை வைத்தே அரங்கத்தைப் பழையபடி எழுப்ப அரசு முன்வந்தது. அடுத்த முறை மகாலக்ஷ்மியைச் சேவிக்கப் போகிறவர்கள், அந்தப் பக்கமும் நாலடி நடந்துவிட்டு வாருங்கள்.