மறைத்த புண்

பண்டித வகுப்பில் ஒரு நாள் நெடுநல்வாடையின் இறுதிப் பகுதியைப் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தேன். வாடை வீசும் நள்ளிரவிலே அரசன் உறக்கமின்றிப் பாசறையில் உலாவுகின்றான். வேல் ஏந்திய வீரன் ஒருவன் புண்பட்டவர்களை ஒவ்வொருவராகக் காட்டிச் செல்ல, அரசன் அவரவர் மனம் ஆறுமாறு இன்முகங் காட்டுகின்றான். இச்செயலைத் தழிஞ்சி என்பர் என்று விளக்கிப் பாடத்தை முடித்தேன். அப்பொழுது பின் வாங்கில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து, போர் முடிந்து அரசன் அரண்மனைக்குத் திரும்பிய பின்னர் அப்புண்பட்டோர் எங்கே சென்றனர், அவர்களுக்குச் சோறிட்டவர் யார் என்று வினாவினாள்.

போரில் மாண்டவனுக்கு நடுகல் நாட்டினர் என்றும், அவன் சுற்றத்தாருக்கு உதிரப்பட்டி என்ற பெயரால் நிலம் அளித்தமை கல்வெட்டுக்களிற் காணப்படும் என்றும் விடை கூறினேன். கூறும்போதே அவ்விடை போதாது என்பதை உணர்ந்தேன். மாண்டவனுக்குக் கல்லும் நிலமும் கிடைத்தன. மாளாது நோயோடு ஊர் திரும்பி, நாற்பது ஆண்டு நொண்டி நடந்தவனுக்குக் கிடைத்தது யாது? அவ்வினா என்னை விடாது பற்றிக்கொண்டது. அதற்கு விடை தேடுகையில் நான் படிக்க நேர்ந்த வரலாறுகளுள் மனத்தை மிகவும் உருக்கியது அமெரிக்க நாட்டுப் பெண்மணி ஒருவரின் வரலாறாகும். அவர் பெயர் டெபோறா சாம்சன். ஆண் வேடம் பூண்டு போர் செய்தவர் என்ற அளவில் அவரைப் பலரும் அறிவர். போருக்குப் பின் அவர் வாழ்ந்த நாற்பத்து மூன்று ஆண்டுகளைப் பற்றி அறிந்தவர் சிலரே.

டெபோறா 1760ஆம் ஆண்டு டிசெம்பர் 17ஆம் நாள் மசச்சூசெற்ஸ் மாநிலத்துப் பிளிம்ப்ரன் என்னும் ஊரிற் பிறந்தார். தாய்வழியில் மேன்மை பொருந்திய பழங்குடியைச் சேர்ந்தவராயினும் வீட்டில் வறுமையே குடிகொண்டிருந்தது. தந்தை குடும்பத்தைக் கைவிட்டு அகன்றார். தாயோ பிள்ளைகளை உற்றார் வீடுகளிற் பகிர்ந்து விட்டார். பத்து வயதளவில் மிடில்பறோ என்னும் ஊரில் ஒரு கமக்காரர் வீட்டிலே, பதினெட்டு வயது நிரம்பும்வரை ஊழியஞ் செய்வதென்ற உடன்படிக்கையின்பேரில், டெபோறா அமர்த்தப்பட்டார். வயல் வேலை, தச்சு வேலை, நெசவு ஆகியவற்றை அங்கே கற்றார். அவ்வீட்டுப் பிள்ளைகளிடமிருந்து எழுத்தும் வாசிப்பும் கற்றுக்கொண்டார். ஊழியம் முடிந்ததும் 1779ஆம், 1780ஆம் ஆண்டுகளின் கோடைகாலத்திற் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கல்வி கற்பித்தார். ஆசிரியத் தொழிலைச் சிறிது காலமேனும் மேற்கொண்ட ஒருவர் என்பதனால் அவர்பால் எனக்கு ஒரு தனி உரிமை தோன்றுகின்றது.

அக்காலத்தில் அமெரிக்கக் குடியேற்ற நாடுகள் ஆங்கில அரசுக்கு எதிராகப் போர் நடத்திக்கொண்டிருந்தன. 1782இன் தொடக்கத்தில் டெபோறா ஆண் உடை அணிந்து வேறொரு பெயரிற் படையிற் சேர முயன்று அகப்பட்டுக்கொண்டார். அதன் பயனாக அவர் சார்ந்திருந்த திருச்சபை அவரை விலக்கி வைத்தது. அவர் மனந் தளரவில்லை. அவ்வாண்டு மே மாதத்தில் தம்மை அறிந்தார் இல்லாத அக்ஸ்பிறிட்ஜ் என்னும் ஊருக்குச் சென்று, றொபேட் சேட்லிவ் என்ற பெயரில் மசச்சூசெற்ஸ் நான்காம் படைப்பிரிவிற் சேர்ந்தார். கப்ரின் ஜோர்ஜ் வெப் என்பவரின் கீழ் விரைந்து செல்லும் காலாட்படையில் அவருக்கு இடங் கிடைத்தது. அப்பொழுது அவருக்கு வயது இருபத்தொன்று.

பெரும்போர் ஓய்ந்திருந்ததாயினும் நியூ யோர்க்கை அடுத்த பகுதிகளிற் கைகலப்புக்கள் ஓயவில்லை. ரறிரவுண் என்னும் இடத்துக்கு அருகே நிகழ்ந்த ஒன்றில் டெபோறா காயமுற்றார். அவர் வரலாற்றை முதன்முதல் எழுதியவர் கூறுமாறு, நெற்றியில் ஒரு வெட்டு. தொடையிலே துவக்குக் குண்டுகள். நெற்றிக் காயத்துக்கு வைத்தியர் மருந்திட இடங்கொடுத்தார். தொடைக் காயத்தையோ ஒருவருக்கும் காட்டவில்லை. காட்டினால் தாம் பெண் என்பது வெளிப்படும். எனவே வைத்தியசாலையிலிருந்து ஒதுங்கிச் சென்று பேனாக்கத்தியும் தையலூசியுங் கொண்டு தம் கையாலேயே ஒரு குண்டைத் தோண்டி எடுத்தாராம். மற்றொன்று ஆழத்தில் தங்கிவிட்டது. அந்தக் கால் பின்னர் ஒருபோதும் முற்றாகக் குணமடையவில்லை.

புறப்பாடல்களைப் படித்துப் பழகிய நமக்கு விழுப்புண் என்பது மார்பில் விளங்கும் அணிகலன். பிறர் கண்டு புகழும்பொருட்டு அமைந்த புண் அது. டெபோறா அம்மையாரின் புண்ணோ மறைத்த புண். அதனை மறைத்தமையாலேயே அவர் படையில் நீடித்திருக்க முடிந்தது. அவ்வாறு மறைத்தமையே பின்னர் அவருக்குப் பெருந் தடையாயிற்று என்பதை மேலே காண்போம்.

1783இல் அவர் ஜெனரல் ஜோன் பற்றர்சனுக்குப் பணிவிடை செய்யும் வீரராக நியமிக்கப்பட்டார. அவ்வாண்டு ஜூன் மாதத்திற் பிலடெல்பியா நகரிற் சம்பளம் பெறாத படைவீரர் கலகஞ் செய்து, கொங்கிரஸ் கூடியிருந்த மண்டபத்தைச் சூழ்ந்துகொண்டனர். அதனை அடக்க அனுப்பப்பட்ட படையோடு டெபோறாவும் சென்றார். நாட்டுக்காக உழைத்தவர் கூலி கேட்டு நிற்க, அவர்களை அடக்கச் சென்றவர் பின்னர் தாமே பல ஆண்டுகள் அதே வாயிலிற் கூலி கேட்டு நிற்கப் போகின்றார் என்பதை அன்று யார் அறிவார்!

பிலடெல்பியாவில் அவரைக் கொடிய காய்ச்சல் பற்றியது. உணர்விழந்து கிடந்தவரைப் பரிசோதித்த வைத்தியர் பாணபஸ் பினி உண்மையை அறிந்தார். அறிந்தும் அதனை ஊரறியச் செய்யாது, தம் இல்லத்துக்குக் கொண்டு சென்று நோய் தீர்த்து, பற்றர்சனுக்கு மாத்திரம் செய்தி அனுப்பினார். தண்டனையை எதிர்பார்த்துச் சென்ற டெபோறாவுக்கு அவமதிப்பு ஒன்றும் நேரவில்லை. அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்தில் வெஸ்ற் பொயின்ற் என்னும் படைத்தளத்தில் ஜெனரல் ஹென்றி நொக்ஸ் அவரை மதிப்போடு சேவையினின்றும் விடுவித்தார். படை வாழ்க்கை பதினேழு மாதங்களில் முடிந்தது.

1785இல் பென்ஜமின் கனற் என்னும் கமக்காரரை மணந்து ஷாரன் என்னும் ஊரில் இல்லறம் நடத்தினார். மக்கள் மூவர் பிறந்தனர். தாயற்ற பெண் குழந்தை ஒன்றையும் எடுத்து வளர்த்தார். நிலம் சிறிது, விளைவும் குறைவு. காலில் தங்கிய குண்டும், படையில் வாங்கிய நோய்களும் வயது ஏற ஏற அவரை வருத்தின. வயல் வேலைக்கு உதவவேண்டிய உடல் வைத்தியருக்குக் கடன்படும் உடலாயிற்று.

1792இல் அவர் தமது மாநிலச் சட்டசபைக்கு விண்ணப்பித்தார். பெண் என்ற காரணத்தால் தமக்குத் தராது நிறுத்திய படைச் சம்பளத்தைத் தருமாறு கேட்டார். சபை அவரது வீரத்தையும் ஒழுக்கத்தையும் பாராட்டி, 34 பவுணும் சேவை நீங்கிய நாள் முதலான வட்டியும் கொடுக்க ஆணையிட்டது. ஆளுநர் ஜோன் ஹன்கொக் அதிற் கையொப்பமிட்டார். இது உழைத்த நாளுக்கு உரிய கூலி. உழைப்பினால் வந்த நோய்க்கு உரிய உதவியன்று.

நோய்க்குரிய உதவியை மத்திய அரசே வழங்க வேண்டியிருந்தது. ஊனமுற்ற வீரருக்குப் பாதிச் சம்பளம் தருவதாகக் கொங்கிரஸ் 1776ஆம் ஆண்டிலேயே வாக்களித்திருந்தது. ஆயினும் 1793ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வாக்கைச் சுற்றி வேலி கட்டிற்று. சேவையின்போது பெற்ற, பிறர் அறிந்த காயத்தினால் ஊனமுற்றமைக்கு மேலதிகாரியாவது நம்பத்தக்க இருவராவது சத்தியக் கடதாசி தரவேண்டும். வைத்தியர் இருவர் பரிசோதிக்க வேண்டும். பிறர் அறிந்த காயம் என்ற அத்தொடரைச் சிந்தித்துப் பாருங்கள். டெபோறாவின் காயத்தை அறிந்தவர் யார்? மருந்திட்ட வைத்தியர் இல்லை, வைத்தியசாலைப் பதிவில்லை, அருகிற் படுத்திருந்த தோழனும் அறியான். காயத்தை மறைத்ததனால் வீரரானார், வீரரானதனால் நோயுற்றார், காயத்தை மறைத்ததனாலேயே அந்நோய்க்குச் சான்றில்லாதவரானார்.

1797இல் அவர் கொங்கிரசுக்கு விண்ணப்பம் அனுப்பினார். அக்காலப் புகழ்பெற்ற கவிஞர் பிலிப் பிறேனோ அவருக்காகப் பரிந்து ஒரு கவிதையும் இயற்றி வெளியிட்டார். புலவர் பாட்டுக்குச் செவிசாய்த்துப் பொற்கிழி வழங்கும் மன்னர் சபையன்று அது. விண்ணப்பம் பயனின்றிக் கிடந்தது. அவ்வாண்டிலேயே ஹேமன் மான் என்பவர் அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதி அச்சிட்டார். அந்நூலிற் கற்பனை மிகுதி என்பது ஆராய்ச்சியாளர் முடிபு. எனினும் டெபோறாவின் பெயர் நாடெங்கும் பரவ அதுவே காரணமாயிற்று.

1802இல் அம்மையார் எவரும் எண்ணாத ஒன்றைச் செய்தார். பொஸ்ரன் நகர் அரங்கொன்றில் மேடையேறித் தம் வரலாற்றைச் சொற்பொழிவாக நிகழ்த்தினார். பின்னர்ப் படை உடையணிந்து துவக்கேந்திப் பயிற்சி முறைகளைச் செய்து காட்டினார். அமெரிக்கப் பெண் ஒருவர் பொதுமேடைகளிற் கட்டணத்துக்குச் சொற்பொழிவாற்றி ஊர் ஊராகச் சென்றமைக்கு முதல் உதாரணங்களுள் ஒன்று இதுவென்பர். புறொவிடன்ஸ், வூஸ்ரர், அல்பனி, நியூ யோர்க் என அவர் பயணம் நீண்டது. நாற்பது வயது கடந்த நோயாளி, தம் புண்ணுக்குக் காரணமான வேடத்தை மறுபடியும் பூண்டு, அந்தப் புண்ணுக்கு மருந்து வாங்கப் பொருள் தேடினார். வண்டிச் செலவும் விடுதிச் செலவும் வரவின் பெரும்பகுதியை விழுங்கின.

இந்நிலையில் அவருக்குக் கைகொடுத்தவர் அயலூராகிய கன்ரனில் வாழ்ந்த போல் றெவியர். விடுதலைப் போரின் தொடக்கத்தில் இரவிற் குதிரையேறிச் செய்தி பரப்பிய பெரியார் இவரே. படைக்குச் சென்ற பெண் என்றதும் ஆண்தன்மை மிகுந்த ஒருத்தியையே எதிர்பார்த்த றெவியர், பண்பும் இனிய பேச்சும் உடைய ஒரு குடும்பத் தலைவியைக் கண்டு வியந்தார். 1804 பெப்ரவரியில், கொங்கிரஸ் உறுப்பினர் வில்லியம் யூஸ்ரிசுக்குக் கடிதம் எழுதினார். அம்மையாரின் உடல்நலக் கேட்டுக்குப் படை வாழ்க்கையே காரணம் என்பதில் தமக்கு ஐயமில்லை என்ற கருத்து அதன் உயிராகும். யூஸ்ரிஸ் தாமும் அப்போரிற் படை வைத்தியராய் இருந்தவர். எழுத்துச் சான்று இல்லாத இடத்தில் மதிப்புடைய ஒருவரின் சொல் சான்றாய் நின்றது.

1805 மார்ச் மாதத்தில் டெபோறாவின் பெயர் ஊனமுற்ற வீரர் இடாப்பிற் சேர்க்கப்பட்டது. உபகாரச் சம்பளம் மாதம் 4 டொலர். 1803 ஜனவரி முதலாந் தேதியிலிருந்து கணக்கு. சேவையினின்று நீங்கி இருபத்தொரு ஆண்டுகள் கடந்த பின்னர் கிடைத்த உதவி அது. அதுவும் போதவில்லை. அடுத்த ஆண்டே றெவியரிடம் 10 டொலர் கடன் கேட்டு எழுதவேண்டியதாயிற்று. 1809இல் மீண்டும் கொங்கிரசை அணுகி, 1783 முதலே தமக்குச் சம்பளம் உரியதென வாதித்தார். நோய் இடாப்பிற் பதிந்த நாளிலா தொடங்கிற்று? அந்நியாயம் ஏற்கப்படவில்லை.

1818இல் வறிய வீரருக்கு மாதம் 8 டொலர் வழங்கும் புதிய சட்டம் வந்தது. ஊனச் சம்பளத்தைக் கைவிட்டு அதனைப் பெறலாமாதலின் அவர் அவ்வாறே செய்தார். அப்பொழுது அளித்த வாக்குமூலத்தில், தாம் 1781ஆம் ஆண்டிலேயே படையிற் சேர்ந்ததாகவும் யோர்க்ரவுண் வெற்றியிற் பங்குகொண்டதாகவும் கூறியிருக்கின்றார். படை ஆவணங்களோ 1782 என்கின்றன. இதனை மறைத்துப் புகழ் பாடுதல் வரலாறு எழுதுவோனுக்கு அழகன்று. இல்லாத பெருமையை அவர் கூட்டிச் சொன்னார் என்றே கொள்ளவேண்டும். ஆயினும் உள்ளதைச் சொல்லி ஆண்டுக்கணக்காக வாயிலில் நின்றவரே ஈற்றில் இல்லாததையும் சேர்த்துச் சொன்னார் என்பதை நாம் மறத்தலாகாது.

1827 ஏப்பிரல் 29ஆம் நாள், தமது அறுபத்தாறாம் வயதில், டெபோறா அம்மையார் காலமானார். முதுமையும் வறுமையும் உற்ற கணவர் பின்னர் கொங்கிரசுக்கு விண்ணப்பித்தார். வீரரின் விதவைக்கு உதவி உண்டு; வீரரின் மனைவியை இழந்தவனுக்கு உதவி என்பது சட்டம் காணாத புதுமை. மனைவியின் நோய்க்காக அவர் பட்ட செலவு குழுவினருக்கு எடுத்துரைக்கப்பட்டது. குழு இரங்கிற்று. ஆனால் முடிவு வருமுன் 1837இல் கணவரும் மறைந்தார். 1838 ஜூலையிற் பிறந்த தனிச்சட்டம் 466 டொலர் 66 சதத்தை மக்களுக்கு வழங்கியது. அச்சட்டம் டெபோறாவைப் புரட்சிப் போரின் படைவீரர் என்றே குறிப்பிட்டது. 1983இல் மசச்சூசெற்ஸ் மாநிலம் அவரைத் தன் அதிகாரபூர்வ வீராங்கனையாக அறிவித்தது. ஷாரனில் நூல்நிலையத்தின் முன்னே அவர் சிலை நிற்கின்றது.

நோயுற்ற வீரன் தன் நோய்க்குத் தானே சான்று தேடவேண்டும் என்ற நிலை அவரோடு முடியவில்லை. வியட்நாம் போரில் நச்சு மருந்து தூவப்பட்ட காடுகளில் நின்றவர்களுக்காக 1991இலும், எரிகுழிப் புகையைச் சுவாசித்தவர்களுக்காக 2022இலும் அந்நாடு சட்டங்கள் இயற்றியது. இன்ன இடத்திற் பணியாற்றியவனுக்கு இன்ன நோய் வந்தால், அது பணியால் வந்ததென அரசே கொள்ளும் என்பது அவற்றின் சாரம். சான்று தேடும் சுமையை நோயாளியின் தோளிலிருந்து ஓரளவு இறக்கி வைத்த சட்டங்கள் அவை. 1804இல் றெவியர் ஒரு கடிதத்தாற் செய்ததைச் சட்டம் செய்வதற்கு ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் சென்றன.

அடுத்த பாடத்தின்போது அம்மாணவிக்கு இவ்வரலாற்றைக் கூறினேன். கேட்டு முடித்தவள், அரசன் பாசறையில் ஒவ்வொரு வீரனையும் பெயர் சொல்லிக் காணும்போது, புண்ணை மறைத்துக் கிடந்தவன் ஒருவனும் அங்கே இருந்திருப்பானோ என்றாள். பல்லாண்டு அப்பாட்டைக் கற்பித்த எனக்கு அந்த எண்ணம் ஒருநாளும் தோன்றியதில்லை.