கீழாநெல்லியைச் சோதித்துப் பார்த்த நோபல் விஞ்ஞானி

கீழாநெல்லி நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச செடி. மழை பெய்ஞ்சா வரப்போரம் தானா முளைக்கும். இலைக்கு அடியில குட்டிக் குட்டிக் காய் வரிசையா இருக்கும். மஞ்சள்காமாலை வந்தால் இதை அரைத்து மோரில் கலந்து கொடுப்பார்கள். இதே செடியை அமெரிக்காவில் நோபல் பரிசு பெற்ற ஒருவர் ஆராய்ந்திருக்கிறார் என்று படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவர்தான் பரூக் பிளம்பெர்க்.

இவர் 1925 ஜூலை 28 அன்று நியூயார்க்கில் பிறந்தார். அப்பா வக்கீல். இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையில் இருந்தார். இயற்பியலும் கணக்கும் படித்தவர், அப்பா சொன்ன யோசனையால் மருத்துவத்துக்கு மாறி 1951ல் டாக்டர் ஆனார். மாணவராக இருந்தபோதே தென் அமெரிக்காவில் உள்ள சூரிநாம் நாட்டுக்குப் போனார். அங்கே ஒரே ஊரில் வாழ்ந்தாலும் சிலருக்கு யானைக்கால் நோய் அதிகமாகவும் சிலருக்குக் குறைவாகவும் வருவதைப் பார்த்தார். ஏன் இப்படி என்ற கேள்வி அவரை விடவே இல்லை. அதனால் பல நாட்டு மக்களின் ரத்தத்தைச் சேகரித்து ஒப்பிட்டுப் பார்த்தார்.

1963ல் ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் புதுசா ஒரு பொருள் தெரிந்தது. அது ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறை என்று சில வருஷங்களில் புரிந்தது. இந்த வைரஸ் கல்லீரலைக் கெடுத்துக் காமாலையையும், பல வருஷம் கழித்துப் புற்றுநோயையும் கொண்டுவரும். ரத்தம் ஏற்றும்போதும் பரவும். இவரது கண்டுபிடிப்பால்தான் ரத்ததானத்தில் கிடைக்கும் ரத்தத்தைச் சோதிக்க முடிந்தது. 1969ல் மில்மன் என்பவரோடு சேர்ந்து தடுப்பூசிக்கும் வழி கண்டார். 1976ல் நோபல் பரிசு கிடைத்தது.

தடுப்பூசி நோய் வராமல் தடுக்கும். ஆனா ஏற்கெனவே வைரஸ் உடம்பில் தங்கிவிட்டவங்க என்ன செய்வாங்க? அதற்கு மருந்து தேடியபோதுதான் கீழாநெல்லி வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் எஸ்.பி.தியாகராஜன் குழுவினர் 1982லேயே கீழாநெல்லி, கரிசலாங்கண்ணிச் சாறுகளைச் சோதனைக்குழாயில் சோதித்திருந்தார்கள். பிளம்பெர்க் அவர்களோடு சேர்ந்தார். வேரை நீக்கிக் காயவைத்த செடிப் பொடி 200 மில்லிகிராம், தினம் மூன்று வேளை, 30 நாள் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவுக்கு மருந்தில்லாத கேப்சூல். 1988ல் முடிவு வெளியானது. பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் அந்த வைரஸ் அடையாளம் மறைந்தது. மற்ற பிரிவில் 23 பேரில் ஒருவருக்கு மட்டும்தான்.

இதோடு கதை முடிந்திருந்தால் நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் திரும்பச் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தும் 2011ல் உறுதியான ஆதாரம் இல்லை என்றே முடிவானது. ஒரு ஊரில் பலித்தது இன்னொரு ஊரிலும் பலித்தால்தான் மருந்து என்று சொல்ல முடியும்.

அப்படின்னா நம்ம ஊர்ல கீழாநெல்லி குடிச்சவங்களுக்கு எப்படிக் குணமானது என்று நீங்கள் கேட்கலாம். காமாலை பல வகை. அழுக்குத் தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலும் சில வாரத்தில் தானாகவே சரியாகிவிடும். பேர் மட்டும் செடிக்குப் போகும். ஆனால் பி வகை அப்படி இல்லை. சிலருக்கு வெளியே தெரியாமலே உள்ளே தங்கிவிடும். ரத்தப் பரிசோதனை செய்யாமல் எது என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் கண் மஞ்சளானால் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று வீட்டில் சொல்லுங்கள்.

பிளம்பெர்க் 2011 ஏப்ரல் 5 அன்று காலமானார். அவர் பிறந்த ஜூலை 28தான் இப்போது உலக ஹெபடைடிஸ் தினம். குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி அவர் தந்த கொடை. பாட்டி வைத்தியத்தைக் கேலி செய்யாமலும், அப்படியே நம்பாமலும் அவர் சோதித்துப் பார்த்தார். அதுதான் எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது. உங்க வீட்டுல தம்பி, தங்கச்சி பிறந்தா அந்த ஊசி போட்டாச்சான்னு மறக்காம கேளுங்க.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி