புயலை முன்னறிவித்த கடற்றலைவர்

சார்ள்ஸ் டார்வினை உலகஞ் சுற்றிக் கொணர்ந்த 'பீகிள்' கப்பலின் தலைவர் என்ற அளவிலேயே றொபேட் பிட்ஸ்ரோயை நம்மிற் பலர் அறிவர். ஆனால், அவர் வாழ்வின் போக்கை வகுத்தது அப்பயணமன்று. அதற்கு முன்னரே அவரைத் தாக்கிய ஒரு புயலாகும்.

1805ஆம் ஆண்டு இங்கிலாந்தின் உயர்குடியொன்றிற் பிறந்த பிட்ஸ்ரோய், 23 வயதிலேயே அக்கப்பலின் தலைமையை ஏற்றார். 1829 சனவரியில், தென்னமெரிக்காவின் மல்டொனாடோக் கரைக்கு அண்மையிற் சென்றபோது பாரமானியில் இரசம் தாழ்ந்தது. இளந்தலைவர் அதனைப் பொருட்படுத்தவில்லை. 'பம்பெரோ' என்னும் கடுங்காற்றுப் பாய்ந்தது. கப்பல் சரிந்தது, பாய்மர உச்சிகள் முறிந்தன, மாலுமிகள் இருவர் மாண்டனர். அவ்விரு உயிர்களின் பழியும் தம்மையே சாருமென அவர் கருதினார்.

நியூசிலாந்தின் தேசாதிபதியாக 1843 முதல் 1845 வரை இருந்து, குடியேறிகளின் பகையைத் தேடிக்கொண்ட கதை இங்கு வேண்டுவதில்லை. 1854இல் இலண்டனில் நிறுவப்பட்ட வானிலை அலுவலகத்திற்குத் தலைவரானதே அவர் வாழ்விற் பெருந்திருப்பம்.

அக்காலப் பாரமானிகளின் முகப்பில், இன்ன உயரத்தில் இரசம் நின்றால் மழை, இன்ன உயரத்தில் நின்றால் நல்வானிலை எனப் பொறித்திருப்பர். இது மயக்கந் தருவது. இரசம் எங்கே நிற்கின்றது என்பதினும், எத்துணை விரைவாக ஏறுகின்றது அல்லது இறங்குகின்றது என்பதே முக்கியம். புயலின் நடுவில் வளியமுக்கம் மிகக் குறைவு. நடுவை நோக்கி அமுக்கம் செங்குத்தாகச் சரியுமிடத்திற் காற்றுங் கடுமையாகும். அத்தகைய புயல் விரைந்து நெருங்கும்போது, கரையிலுள்ள பாரமானியில் இரசம் மளமளவென்று விழும். நடுப்பகுதி கடந்ததும் அது திடீரென ஏறும். அப்போது ஆபத்து நீங்கிற்றென்று படகைத் தள்ளியோர் பலர் மீண்டதில்லை; பின்பக்கத்துக் காற்றுச் சிலவேளை முன்னதினும் கொடிது. இவற்றையெல்லாம் எளிய விதிகளாக எழுதி, பாரமானிகளுடன் ஏழை மீனவர் துறைகளுக்கு அவர் அனுப்பிவைத்தார். அவர் செய்தவற்றுள் இதுவே தலையாயதென்பது எம் கருத்து.

1859 ஒக்டோபரில், அவுஸ்திரேலியாவிலிருந்து பொன்னுடன் திரும்பிய 'றோயல் சாட்டர்' கப்பல், வேல்சின் அங்கிள்சித் தீவருகே பாறையில் மோதிச் சிதைந்தது. 400க்கு மேற்பட்டோர் மடிந்தனர். கரையோர நிலையங்களின் அமுக்க அளவுகளைத் தந்தி மூலம் ஓரிடத்திற் சேர்த்தால் புயலுக்கு முன்பே எச்சரிக்கலாம் என பிட்ஸ்ரோய் வாதிட்டார். 1861இல் எச்சரிக்கைகள் தொடங்கின. துறைமுகங்களிற் கூம்பும் உருளையும் ஏற்றப்பட்டன. அவ்வாண்டு ஓகஸ்டு முதல் 'டைம்ஸ்' நாளேட்டில் நாள்தோறும் வானிலை முன்னறிவிப்பும் வெளிவந்தது.

முன்னறிவிப்புகள் சில பொய்த்தன. வெளியிட்ட ஏடே எள்ளி நகைத்தது. கொள்கையின்றிக் கூறும் ஆரூடம் எனக் கற்றோர் பழித்தனர். கைப்பொருள் கரைந்தது, உடலும் உள்ளமும் தளர்ந்தன. 1865 ஏப்பிரல் 30ஆம் நாள் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

அவருக்குப் பின் ஆராய்ந்த குழுவொன்றின் சொற்படி, 1866 முடிவிற் புயலெச்சரிக்கைகளும் நிறுத்தப்பட்டன. கற்றோர் கலங்கவில்லை; கடலோடிகள் பொறுக்கவில்லை. அவர்களின் முறையீட்டினால், அடுத்த ஆண்டே துறைமுகங்களில் எச்சரிக்கைக் குறிகள் மீண்டும் ஏறின.