கணியன் பூங்குன்றனார்

கணியன் பூங்குன்றனார் சங்க காலத் தமிழ்ப் புலவர்களுள் ஒருவர் ஆவார். இவர் பாடியனவாகப் புறநானூற்றில் ஒன்றும் (192) நற்றிணையில் ஒன்றுமாக (226) இரண்டு பாடல்களே கிடைத்துள்ளன. இவரது வாழ்க்கை பற்றிய செய்திகள் மிகக் குறைவு.

பெயரும் ஊரும்

கணித்தல் என்பது எண்ணி அறிதல். கணியன் என்பது கோள்நிலை கொண்டு காலத்தைக் கணித்துச் சொல்பவரைக் குறிக்கும். கணினி என்னும் இக்காலச் சொல்லுக்கும் இதுவே வேர். பூங்குன்றம் இவரது ஊர். இது புதுக்கோட்டை மாவட்டத்தை அடுத்த சிவகங்கை மாவட்டத்தின் மகிபாலன்பட்டி எனக் கருதப்படுகிறது.

ஊழ் பற்றிய கருத்து

புறநானூற்றுப் பாடல் 13 அடிகளைக் கொண்டது. மலையில் பெய்த மழை பேராறாகப் பெருக, அதன் போக்கில் மிதக்கும் தெப்பத்தை உயிருக்கு உவமையாகக் கூறுகிறது. உயிர் இயற்கையின் முறைப்படி செல்வதால், பெரியோரை வியப்பதும் சிறியோரை இகழ்வதும் பொருந்தாது என்பது இதன் முடிவு. புலவர் கணியராயினும் இப்பாடலில் கோள்களோ விண்மீன்களோ இடம்பெறவில்லை. ஊழை ஏற்பது இங்குச் செயலற்றிருப்பதற்கு அன்றி, சமத்துவத்திற்குக் காரணமாகிறது. நன்மையும் தீமையும் பிறரால் வருவன அல்ல என்றும் இப்பாடல் கூறுகிறது.

நற்றிணைப் பாடல் பாலைத்திணையைச் சார்ந்தது. பொருள் தேடத் தலைவன் பிரியும் சூழலில் தலைவி பேசுகிறாள். மரம் பட்டுப்போகும் அளவுக்கு அதிலிருந்து மருந்து எடுக்கலாகாது, குடிகள் வளம் குன்றும் அளவுக்கு மன்னர் பொருள் கொள்ளலாகாது என அது எல்லை வகுக்கிறது. ஊழைப் பாடிய புலவர் மனிதரின் பொறுப்பையும் பாடியுள்ளார்.

பிற மரபுகளுடன் ஒப்பீடு

எபிரேய மொழியில் நற்பேற்றைக் குறிக்கும் மசல் என்னும் சொல் விண்மீன் கூட்டத்தையும் குறிக்கும். யூதரின் வாழ்த்தான மசல் தோவ் இதிலிருந்து வந்தது. இசுரயேலர் விண்மீன்களுக்கு ஆட்பட்டவரா என்பது குறித்துத் தல்மூது நூலில் இருவேறு கருத்துகள் உள்ளன.

இந்தியாவில் ஊழை முதன்மையாகக் கொண்டது மற்கலி கோசாலரின் ஆசீவகம். பூங்குன்றனார் ஆசீவகர் என்பது பேராசிரியர் க. நெடுஞ்செழியனின் கருத்து. புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசலையும் அவர் ஆசீவகத்தோடு இணைத்தார். எனினும் அதனைச் சமணத் தலம் என்பதே பெரும்பான்மையோர் முடிவு.

புகழ்

உ. வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். 2019இல் இந்தியப் பிரதமர் நரேந்திர மோதி ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் இப்புலவரைக் குறிப்பிட்டார். பாடலின் முதலடியே பெரிதும் எடுத்தாளப்படுகிறது. அனைவரும் உறவினர் என்னும் அவ்வடிக்கு அடிப்படையான ஊழ்க்கருத்து பின்வரும் அடிகளிலேயே உள்ளது.